மிதப்பது அவன் இயல்பு

நுழையும்முன்

குழந்தை பிறக்கும் முன்பே அதைப் பற்றிய கனவும் பெற்றோர் உள்ளத்தில் பிறந்துவிடுகிறது. எப்படி நடக்கும், எப்போது பேசும், யாரைப் போல் வளரும் என்றெல்லாம் அக்கனவு விரிகிறது. பிறந்த குழந்தை அக்கனவுக்குள் அடங்காமல் வேறொன்றாக இருந்தால் பெற்றோர் எதை மாற்றுவர்? கனவையா, குழந்தையையா? ஏறத்தாழ ஏழு நிமிடங்களே ஓடும் ‘ஃப்ளோட்’ என்னும் அமெரிக்க அசைவூட்டக் குறும்படம் இவ்வினாவைக் காட்சிகளால் எழுப்புகிறது. அப்படம் சொல்லும் கதையையும் சொல்லும் முறையையும் இப்பாடம் ஆராய்கிறது.

படம் பிறந்த கதை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இயங்கிவரும் பிக்சார் நிறுவனம், கணினிவழி அசைவூட்டப் படங்களுக்கு உலகப் புகழ் பெற்றது. அந்நிறுவனம் தன் கலைஞர்கள் தாமே படைப்பாளராக முன்வருவதற்கு ‘ஸ்பார்க் ஷார்ட்ஸ்’ என்னும் குறும்பட வரிசையைத் தொடங்கியது. ஆறு மாத காலமும் குறைந்த பொருட்செலவும் இவ்வரிசைக்குரிய வரம்புகள். அவ்வரிசையில் உருவான ‘ஃப்ளோட்’, 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம் டிஸ்னி பிளஸ் இணையவழித் திரையில் வெளியானது. ‘ஃப்ளோட்’ என்னும் சொல்லுக்கு ‘மிதத்தல்’ என்பது பொருள்.

இதனை எழுதி இயக்கியவர் பாபி ரூபியோ. பிலிப்பைன்சு நாட்டு வழிவந்த அமெரிக்கரான இவர், பிக்சாரில் கதைப்படம் வரையும் ஓவியராகப் பணியாற்றியவர். இவருடைய மகன் ஆட்டிசம் உடையவர். அவ்வுண்மையை ஏற்றுக்கொள்ளத் தாம் பட்ட பாட்டையே ரூபியோ கதையாக்கினார். தம் மகனுக்கும், வேறுபட்டவர் எனக் கருதப்படும் குழந்தைகளைக் கொண்ட எல்லாக் குடும்பங்களுக்கும் இப்படத்தை அவர் உரித்தாக்கியுள்ளார்.

கதைமாந்தரை வரையத் தொடங்கியபோது ரூபியோ அவர்களை வெள்ளையராகவே வரைந்திருந்தார். உடன் பணியாற்றியவரின் தூண்டுதலால் பின்னர்த் தம் இனத்தவராக மாற்றி வரைந்தார். பிலிப்பைன்சு வழிவந்த அமெரிக்கரை முதன்மை மாந்தராகக் கொண்ட முதல் பிக்சார் படம் என்னும் சிறப்பு இதனால் ‘ஃப்ளோட்’ படத்திற்கு அமைந்தது. பிறர் ஏற்கும் முகத்தை வரைவதை விடுத்துத் தம் முகத்தையே வரையத் துணிந்த அச்செயலும் படத்தின் கருத்தோடு ஒத்து நிற்கிறது.

கதைச் சுருக்கம்

வீட்டின் முன்புள்ள புல்வெளியில் தந்தை ஒருவர் தம் பச்சிளங்குழந்தையோடு விளையாடுகிறார். பஞ்சு போன்ற விதைகளைத் தாங்கிய காட்டுப்பூ ஒன்றைப் பறித்து ஊதுகிறார். விதைகள் காற்றில் மிதக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து குழந்தையும் தரையைவிட்டு எழுந்து மிதக்கிறான். தந்தை வியப்பில் ஆழ்கிறார், பூரிக்கிறார். அதற்குள் அக்கம்பக்கத்தார் பார்வை அவர்கள்மீது விழுகிறது. தந்தையின் முகம் மாறுகிறது. குழந்தையைப் பற்றி எடுத்துக்கொண்டு வீட்டிற்குள் மறைகிறார்.

காலம் கடக்கிறது. தாடி மண்டிய முகமும் களைத்த கண்களுமாகத் தந்தை தோன்றுகிறார். மகன் வீட்டிற்குள் மகிழ்ச்சியாக மிதந்து திரிகிறான். வெளியே செல்லவேண்டிய வேளையில் அவன் முதுகில் ஒரு பை மாட்டப்படுகிறது. அதற்குள் இருப்பவை கற்கள். அக்கனத்தால் அவன் கால்கள் மண்ணில் பதிகின்றன.

வழியில் குழந்தைகள் விளையாடும் திடலொன்று தென்படுகிறது. தந்தை விரைந்து கடந்துவிட எண்ணுகிறார். மகனோ பிடியிலிருந்து நழுவித் திடலுக்குள் புகுந்து மற்றக் குழந்தைகளின் நடுவே மிதக்கிறான். அனைவரும் திகைத்துப் பார்க்கின்றனர். தந்தை அவனை இழுத்துச் செல்ல முயல்கிறார். அவன் அடம்பிடித்துக் கதறுகிறான். பொறுமையிழந்த தந்தை, மற்றவரைப் போல இயல்பாக இருக்க அவனால் முடியாதா என்று கத்திவிடுகிறார். மிதந்துகொண்டிருந்தவன் தரைக்கு வருகிறான். முகத்தை மறைத்துக்கொண்டு விம்முகிறான்.

தம் சொல் செய்த காயத்தைத் தந்தை காண்கிறார். மகனை அள்ளியெடுத்து மடியில் இருத்தி ஊஞ்சலில் அமர்கிறார். ஊஞ்சல் ஆடுகிறது. மகன் முகம் மெல்ல மலர்கிறது. பின்னர் எல்லாரும் பார்த்திருக்க அவனைத் தூக்கிக்கொண்டு ஓடி, வானை நோக்கி வீசுகிறார். அவன் மிதக்கிறான்.

குறியீட்டின் ஆற்றல்

சங்கப் பாடல்களில் கருப்பொருள்களின் வழியே குறிப்புப் பொருளை உணர்த்தும் உள்ளுறை உவமத்தை மாணவர்கள் அறிவர். சொல்லவந்ததை வெளிப்படையாகக் கூறாமல் வேறொன்றன் வழியாக உணரச் செய்வது அதன் சிறப்பு. இப்படமும் அவ்வாறே இயங்குகிறது. ஆட்டிசம் என்னும் சொல் கதைக்குள் ஓரிடத்திலும் ஒலிப்பதில்லை. மருத்துவரோ மருத்துவமனையோ காட்டப்படுவதில்லை. குழந்தை மிதக்கிறான் என்பது மட்டுமே காட்டப்படுகிறது. அதனால் கேட்கும் திறன் குன்றிய குழந்தையின் பெற்றோரும், திக்கிப் பேசும் மகனின் தாயும், பிறரினும் வேறான இயல்புடைய எவரும் அக்கதையில் தம்மைக் காண இடமிருக்கிறது.

கற்கள் நிறைந்த பை இப்படத்தின் உயிரான குறியீடு. மகனுக்கு மிதப்பதில் துன்பம் ஏதுமில்லை. வீட்டிற்குள் அவன் சிரித்துக்கொண்டேதான் மிதக்கிறான். ஆகவே, பையில் உள்ள கனம் அவனுக்காகச் சேர்க்கப்பட்டதன்று. ஊரார் என்ன நினைப்பரோ என்னும் தந்தையின் அச்சமே கல்லாகி, சிறுவனின் முதுகில் ஏறியிருக்கிறது. அச்சப்படுபவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர். தந்தை கொடியவர் அல்லர் என்பதையும் படம் உணர்த்துகிறது. அவர் மகனை அடிப்பதில்லை, கைவிடுவதில்லை. உலகின் கேலியிலிருந்து அவனைக் காக்கவே பையை மாட்டுகிறார். அன்பும் சில வேளைகளில் கல் கட்டும் என்பதை இக்காட்சி அமைதியாகச் சொல்கிறது.

ஒரே ஒரு வசனம்

படம் முழுவதிலும் பேசப்படும் வசனம் ஒன்றே. சிரிப்பு, அழுகை, இசை, காற்றின் ஓசை ஆகியவற்றாலேயே பிற அனைத்தும் உணர்த்தப்படுகின்றன. நெடுநேரம் சொல்லே இன்றிச் செல்லும் படத்தில் திடீரென ஒலிக்கும் அவ்வொரு தொடர், பார்ப்பவரையும் அறைகிறது. ஓயாது பேசும் படமொன்றில் இதே வசனம் பத்தோடு பதினொன்றாகக் கரைந்திருக்கும்.

அவ்வசனத்தின் உட்பொருளைத் தமிழ் மொழியின் துணைகொண்டு மேலும் ஆராயலாம். ‘இயல்பு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் ‘ஒருவருக்கு அல்லது ஒன்றுக்கு உரிய தன்மை’ என்பது பொருள். நீரின் இயல்பு தாழ்ந்த இடம் நோக்கிப் பாய்வது. நெருப்பின் இயல்பு சுடுவது. பேச்சு வழக்கிலோ ‘எல்லாரையும் போன்றிருத்தல்’ என்னும் பொருளும் அச்சொல்லுக்கு ஏறியுள்ளது. தந்தை இரண்டாம் பொருளில் ‘இயல்பாக இரு’ என்கிறார். முதற்பொருளில் நோக்கினால் மிதப்பதே அவன் இயல்பு. தன் இயல்பைக் கைவிட்டால்தான் இயல்பானவன் ஆகலாம் என்று ஒரு குழந்தையிடம் கேட்பது எவ்வளவு பெரிய முரண்! தரையில் விழுந்து அழும் அக்குழந்தை ஒருவகையில் தந்தை கேட்டதைச் செய்துவிட்டான், மிதப்பதை நிறுத்திவிட்டான். தாம் விரும்பியது கிடைத்த அக்கணத்தில்தான் தந்தை தாம் இழந்தது இன்னதென்று உணர்கிறார்.

மும்முறை எழுதல்

படத்தில் குழந்தை தரையைவிட்டு எழும் முதன்மையான காட்சிகள் மூன்று. முதலாவது, புல்வெளிக் காட்சி. அங்குத் தந்தையின் மகிழ்ச்சி கலப்பற்றது. ஏனெனில் பார்ப்பவர் எவரும் அப்போது இல்லை. இரண்டாவது, திடலில் நிகழ்வது. அங்கு மகனுக்கு மகிழ்ச்சி, தந்தைக்கு நாணம். மூன்றாவது இறுதிக் காட்சி. அங்குத் தந்தையே மகனை வானில் ஏவுகிறார்.

முதற்காட்சியையும் மூன்றாம் காட்சியையும் ஒப்பிட்டால் படத்தின் கருத்து விளங்கும். இரண்டிலும் மகன் மிதக்கிறான். இரண்டிலும் தந்தை மகிழ்கிறார். முதற்காட்சியின் மகிழ்ச்சி, அயலார் கண்பட்டதும் கலைந்தது. இறுதிக் காட்சியின் மகிழ்ச்சியோ அத்தகைய கண்களின் நடுவிலேயே நிகழ்கிறது. மூடிய கதவுக்குப் பின்னால் கொஞ்சுவதோடு ஏற்றல் முடிந்துவிடுவதில்லை. எந்த இடத்தில் குழந்தை மறைக்கப்பட்டதோ, அந்த இடத்திலேயே அவன் கையைப் பற்றி நிற்கும்போதுதான் அது நிறைவுறுகிறது.

இன்னொன்றும் கருதத்தக்கது. தொடக்கத்தில் மிதந்த மகன் முடிவிலும் மிதக்கிறான். அவனுக்கு எந்தத் தீர்வும் தரப்படவில்லை. நடக்கக் கற்றுக்கொண்டான் என்று படம் முடியவில்லை. மாறியவர் தந்தை ஒருவரே. சுற்றி நின்றவர் மாறினரா என்பதையும் படம் கூறாது விடுகிறது. ஊர் மாறும்வரை காத்திராமல் தந்தை மாறிவிட்டார்.

தெரிந்து தெளிவோம்

ஆட்டிசம் என்பது நோயன்று. மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு. பிறரோடு பேசிப் பழகும் முறையிலும், ஒலி, ஒளி, தொடுகை முதலியவற்றை உணரும் முறையிலும் இவ்வேறுபாடு வெளிப்படும். ஒருவரிடம் காணப்படுவது போல மற்றொருவரிடம் இருப்பதில்லை. 1943ஆம் ஆண்டு அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் லியோ கன்னர், பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து இதனைப் பற்றி எழுதினார். அதன்பின் பல ஆண்டுகள், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்னும் தவறான கருத்து பரவிப் பெற்றோரைக் குற்றவாளிகளாக்கியது. உளவியலாளரும் ஆட்டிசம் உடைய மகனின் தந்தையுமான பெர்னார்டு ரிம்லாண்டு, 1964இல் வெளியிட்ட நூலில் இது உடலியல் சார்ந்தது என வாதிட்டு அக்கருத்தை மறுத்தார். ஐக்கிய நாடுகள் அவை 2007இல் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி ஏப்ரல் 2ஆம் நாள் உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்றாகும்.

அசைவூட்டம் ஏன்?

நடிகர்களைக் கொண்டு இக்கதையைப் படமாக்கியிருந்தால், குழந்தை மிதக்கும் காட்சியை ஒரு தந்திரக் காட்சியாகவே மக்கள் பார்த்திருப்பர். எப்படி எடுத்தனர் என்பதிலேயே கவனம் சென்றிருக்கும். அசைவூட்டப் படத்தில் புல்லும் மரமும் மனிதரும் வரையப்பட்டவையே. மிதக்கும் குழந்தையும் அவற்றோடு ஒன்றாகப் பொருந்திவிடுகிறான். அவ்வுலகில் அது வியப்பாகலாம்; பொய்யாகாது. முகபாவங்களைக் கூர்மையாக்கிக் காட்டும் வாய்ப்பும் அசைவூட்டத்திற்கு உண்டு. தந்தையின் தாடி வளர்ந்த முகம் ஒன்றே கடந்துபோன நாள்களின் சுமையைக் கூறிவிடுகிறது.

குறியீட்டின் எல்லை

சிறந்த குறியீட்டிற்கும் எல்லை உண்டு. மிதத்தல் கண்ணுக்கு அழகானது, பிறர் பொறாமைகொள்ளத்தக்கது. ஆனால், வேறுபட்ட குழந்தைகளோடு வாழும் குடும்பங்களின் அன்றாடம் அத்தகையதன்று. உறங்காத இரவுகள், உண்ண மறுக்கும் வேளைகள், சேர்க்க மறுக்கும் பள்ளிகள், செலவுகள் ஆகியவை படத்தில் இடம்பெறவில்லை. ஏழு நிமிடத்தில் அனைத்தையும் சொல்ல இயலாது என்பது உண்மையே. எனினும், பார்ப்பவர் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். அக்குழந்தையிடம் வியக்கத்தக்க ஆற்றல் ஒன்று இருப்பதால்தான் தந்தை அவனை ஏற்றார் என்று பொருள்கொண்டால் படத்தின் கருத்தே திரிந்துவிடும். தனித்திறன் ஏதுமில்லாத குழந்தையும் அதே ஊஞ்சலுக்கும் அதே மடிக்கும் உரியவனே. தகுதிச் சான்று காட்டிப் பெறுவதன்று பெற்றோர் அன்பு.

நிறைவாக

தம் பிள்ளை பிறரைப் போல இல்லையே என்று வருந்தும் பெற்றோர் எல்லா நாடுகளிலும் உளர். அவர்களைக் குற்றம் சாட்டாமலும், அவர்கள் செய்வதைச் சரியென்று கூறாமலும், அவர்தம் உள்ளத்தைத் திறந்து காட்டுகிறது இக்குறும்படம். பெற்றோருக்கு மட்டுமன்றிச் சுற்றி நிற்பவர்க்கும் அதில் செய்தி உண்டு. புல்வெளியில் தந்தையின் முகம் மாறியது அயலார் பார்த்த பார்வையால்தான். அப்பார்வையில் திகைப்புக்கு மாறாகப் புன்னகை இருந்திருந்தால், கல் நிரப்பிய பைக்குத் தேவையே எழுந்திராது. வகுப்பறையில், பேருந்தில், திருமண வீட்டில் வேறுபட்ட குழந்தை ஒன்றைக் காணும்போது நம் கண்கள் எத்தகைய பார்வையைத் தருகின்றன என்பது நாம் ஒவ்வொருவரும் எண்ணிப்பார்க்க வேண்டியதாகும்.

கற்பவை கற்றபின்...

1. வசனமின்றி ஓர் உணர்வை வெளிப்படுத்தும் காட்சி ஒன்றைக் கற்பனை செய்து, அதனை ஆறு கட்டங்களில் கதைப்படமாக வரைக.

2. இக்கதையை, திடலில் விளையாடிக்கொண்டிருந்த மற்றொரு குழந்தை கூறுவதாக மாற்றி எழுதுக.

3. உங்கள் பள்ளியில் மாற்றுத்திறன் கொண்ட மாணவர் எளிதாகப் பயில என்னென்ன மாற்றங்கள் தேவை என்பதைக் குழுவாகக் கலந்துரையாடிப் பட்டியலிடுக.

குறுவினா

1. ‘கற்கள் நிறைந்த பை’ எதனை உணர்த்துகிறது?

2. ‘இயல்பு’ என்னும் சொல்லின் இருவகைப் பொருள்களைத் தருக.

சிறுவினா

படத்தின் முதற்காட்சியையும் இறுதிக் காட்சியையும் ஒப்பிட்டு விளக்குக.

நெடுவினா

‘மாறவேண்டியது குழந்தையன்று, பார்வையே’ என்னும் கூற்றை இப்பாடத்தின் வழி நிறுவுக.