துக்க வீட்டில் என்ன பேசுவாய்?

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ சபை ஊழியராகப் பொறுப்பேற்றதும் உன் பெரியம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் 'நாவின் வல்லமை' என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள், என்ன பேசலாம் என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற காரியமில்லை என்பதால் எழுதுகிறேன்.

இந்தத் தலைப்பு என்றதும் எல்லாரும் நீதிமொழிகள் 18:21-க்குத்தான் ஓடுகிறார்கள். சாவும் வாழ்வும் நாவின் கையில் இருக்கிறது, அதனால் நல்லதையே அறிக்கையிடு, நடக்கும். வாய் தவறிக் கெட்டதைச் சொன்னால் அது பலித்துவிடும் என்று பிரசங்கம் போகிறது. நோயாளி வலிக்கிறது என்று சொல்லக் கூடாதாம். கடன்பட்டவன் கையில் காசில்லை என்று சொல்லக் கூடாதாம். மகனே, நீ அந்த வழியில் போகாதே. சொன்ன மாத்திரத்தில் ஆகிவிடும் வார்த்தை ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. அது கர்த்தருடைய வார்த்தை. அந்தச் சிருஷ்டிக்கும் வல்லமையை அவர் நம் வாய்க்குக் கொடுக்கவில்லை.

பிறகு நம் நாவுக்கு என்னதான் வல்லமை? அந்த 18-ஆம் அதிகாரத்தையே முதலிலிருந்து பொறுமையாக வாசி. கோள் சொல்கிறவனின் பேச்சு எவ்வளவு ஆழத்தில் போய்த் தைக்கும் என்று 8-ஆம் வசனம் சொல்கிறது. முழுதாகக் கேட்காமல் பதில் சொல்வது வெட்கக்கேடு என்கிறது 13. மனம் கசந்துபோன சகோதரனைத் திரும்பச் சேர்த்துக்கொள்வது எத்தனை கஷ்டம் என்கிறது 19. இந்த மூன்று வசனங்களும் அடுத்தவனைத் தொடுகிற பேச்சைப் பற்றியவை. என் வார்த்தையால் எனக்கு என்ன கிடைக்கும் என்ற கணக்கு இவற்றில் இல்லை. என் வார்த்தையால் இன்னொருவன் பிழைப்பானா, சாவானா என்பதுதான் கேள்வி.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வயதுப் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. அடக்கம் முடிந்து இரண்டு நாள் இருக்கும். ஜெபிக்க வந்திருந்த ஒருவர் அந்தத் தாயைப் பார்த்து, "நீ பிழைக்கும்னு அறிக்கை பண்ணியிருந்தா பிழைச்சிருக்கும், அவிசுவாசமா பேசிட்ட" என்று சொல்லிவிட்டார். அவள் அழுகையை நிறுத்தினாள். என் பக்கம் திரும்பி, "காய்ச்சல் குறையலையேன்னு டாக்டர்ட்ட சொன்னேன், அதுவாண்ணே குத்தம்?" என்று கேட்டாள். என்னால் எத்தனை சொல்லியும் அந்த முள்ளை எடுக்க முடியவில்லை. அவள் வாயைத் திறப்பதற்கே பயந்துபோனாள், ஜெபத்தில்கூட. பிறகு ஒரு நாள் சாயங்காலம் தெருக்கோடியில் இருக்கும் பாட்டி வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அவளைத் திண்ணையில் உட்காரவைத்து, சிக்குப் பிடித்த தலைக்கு எண்ணெய் வைத்தபடியே, "ராத்திரி பூரா நீ அந்தப் புள்ளையத் தோள்ல போட்டு நடந்தத நான் பாத்தேன்ளா. நீ ஒரு கொறையும் வைக்கல" என்றார்கள். அதன் பிறகுதான் அவள் மறுபடியும் அழுதாள். அன்று ராத்திரி சாப்பிட்டாள். சாவும் வாழ்வும் நாவின் கையில் என்பதை நான் அந்த ஒரே வீட்டில் பார்த்தேன்.

யோபுவின் சிநேகிதரும் ஜெபிக்க வந்த அந்த மனிதரைப் போலத்தான். ஏழு நாள் இராப்பகல் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்த ஊழியத்தில் அதுதான் உருப்படியானது. வாயைத் திறந்தபின், உன் பாவம்தான் காரணம் என்று அதிகாரம் அதிகாரமாகக் குத்தினார்கள். கடைசியில் கர்த்தர் யார்மேல் கோபப்பட்டார் என்று பார். பிறந்த நாளையே சபித்துப் புலம்பிய யோபுவின் மேல் அல்ல. பக்தியாகப் பேசிய அந்தச் சிநேகிதர் மேல். யோபு பேசியதே சரி என்றார். சிலுவையில் நம் ஆண்டவரே "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறினார். வலிக்கிறது என்று சொல்கிறவனை அவிசுவாசி என்று சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை.

இதற்காக எப்போதும் இதமாகவே பேசு என்று நான் சொல்லவில்லை. நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1910-இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் நின்றபோது அவருக்கு வயது 35. மேல்நாட்டு மிஷனெரித் தலைவர்கள் நிறைந்த சபை அது. உங்கள் தியாகத்துக்கு இந்தியச் சபை என்றென்றும் நன்றி சொல்லும், ஆனால் எங்களுக்கு உங்கள் சிநேகமும் வேண்டும் என்று அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டார். சிலர் முகம் சுளித்தார்கள். அந்தப் பேச்சு இன்றுவரை மறக்கப்படவில்லை. 1912-இல் அவர்தான் தோர்ணக்கல்லின் பேராயரானார்; ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். பெரியவர்கள் முன்னால் உண்மையைச் சொல்ல வேண்டிய நாள் உனக்கும் வரும். நன்றியை மறைக்காமல், குறையையும் மழுப்பாமல் சொல்ல அவரிடம் கற்றுக்கொள்.

சபைத் தேர்தல் நெருங்கும்போது இரண்டு பக்கத்தாரும் உன் வீட்டுக்கு வருவார்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகாதே. ராஜாவாகிய ரெகொபெயாம் ஜனங்களுக்குக் கடுமையாகச் சொன்ன ஒரு பதிலில் பத்துக் கோத்திரம் பிரிந்துபோனது. அதற்கு மேல் இதைப்பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. போதகம் பண்ணுகிற நமக்குத் தீர்ப்பு அதிகம் என்று யாக்கோபு மூன்றாம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே எச்சரித்துவிட்டுத்தான் நாவைப் பற்றியே பேச ஆரம்பிக்கிறார். அதை உன் வேதாகமத்தில் கோடிட்டு வை.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு வேலை செய். இந்த வருஷம் உன் சபை இருக்கும் ஊரில் யார் யார் வீட்டில் சாவு நடந்தது, யார் ஆஸ்பத்திரிக்கு அலைகிறார்கள், யாருடைய பெண்ணுக்கு வரன் தட்டிப்போகிறது என்று ஆலயப் பணி செய்யும் கோயில்குட்டியிடம் விசாரித்துக்கொள். அவர்களெல்லாரும் அந்தக் கூட்டத்தில் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். எழுதிவைத்த பிரசங்கத்தை அவர்கள் ஒவ்வொருவர் காதாலும் ஒரு தடவை கேட்டுப் பார். யாரையாவது குத்துகிற வரி இருந்தால், அது எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும் அடித்துவிடு.

கூட்டம் முடிந்ததும் போன் பண்ணு. நானும் பெரியம்மாவும் அன்றைக்கு உனக்காக உபவாசம் இருக்கிறோம்.

அன்புடன்,
பெரியப்பா