நாலு வருஷ டிகிரி, பதினஞ்சு வருஷப் பூனை

இந்தத் தடவை கோடிங், பிளேஸ்மென்ட் எதுவும் இல்ல. பூனை பத்தி ஒரு பாடம். ஆனா கொஞ்சம் கணக்கு வரும், கொஞ்சம் கன்ட்ரோல் சிஸ்டம்ஸும் வரும்.

எந்தக் கேம்பஸ் போனாலும் மெஸ் பின்வாசல்ல நாலு பூனை இருக்கும். நல்லா ஓடியாடுற குட்டியை யாராவது வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. கண்ணு தெரியாதது, பின்னங்கால் வராதது, தினமும் ஊசி போட வேண்டியது எல்லாம் அங்கேயே நிக்கும். அதுங்களைத் தத்தெடுக்கவும் ஆள் வராது, தெருவுல விட்டாலும் பிழைக்காது. இந்த மாதிரிப் பூனைகளுக்காக உள்ள ஏற்பாடுதான் நீண்டகால ஃபாஸ்டர்.

தத்துக்கும் ஃபாஸ்டருக்கும் என்ன வித்தியாசம்?

தத்தெடுத்தா செலவு, முடிவு, பொறுப்பு எல்லாமே எடுத்தவங்களுது. சாதாரண ஃபாஸ்டர்னா வேற வீடு கிடைக்கிற வரைக்கும் சில வாரம் வச்சுப் பார்த்துக்கிறது. நீண்டகால ஃபாஸ்டர்ல பூனை கடைசி வரைக்கும் அந்த வீட்டுலயே இருக்கலாம். இடமும் தினசரிக் கவனிப்பும் ஒருத்தர் தருவாங்க. வைத்தியச் செலவையும் பொறுப்பையும் பின்னாடி நிக்கிற ஒரு குழு ஏத்துக்கும்.

ஷெல்டர்லயே விட்டா என்னன்னு கேட்கலாம். நூறு பிராணி இருக்கிற இடத்துல ஒரே ஒரு பூனைக்குக் காலைல ஏழு, ராத்திரி ஏழுன்னு தவறாம மருந்து கொடுக்கிறது கஷ்டம். புது இடம், நாய்ச் சத்தம், கூட்டம் இதெல்லாம் பூனையைச் சாப்பிட விடாது. பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடலன்னா கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். அதனால அமைதியான வீடு கிடைக்கிறதும் வைத்தியத்துல ஒரு பகுதிதான்.

நம்ம 'சைன் வேவ்' கேஸ்

எங்க ஹாஸ்டல் பக்கம் ஒரு குட்டி நேரா நடக்காது. கிண்ணத்தைப் பார்த்து வரும், தலை ஆடும், குறி தவறி அந்தப் பக்கம் போய் விழும். ஈ.சி.ஈ. பசங்க வச்ச பேரு 'சைன் வேவ்'. கால்நடை டாக்டர் பார்த்துட்டு சொன்னது, செரிபெல்லர் ஹைப்போபிளேசியா. அதாவது சிறுமூளை முழுசா வளரல. தாய்ப்பூனை கர்ப்பமா இருக்கும்போதோ, குட்டி பிறந்த உடனேயோ பேன்லூகோபீனியா வைரஸ் தாக்கினா இப்படி ஆகலாம்.

நம்ம பாஷைல சொன்னா சிறுமூளைதான் ஃபீட்பேக் லூப். கால் எங்க போகணும், இப்ப எங்க இருக்குன்னு பார்த்து, வித்தியாசத்தைத் திருத்துற வேலை அதோடது. அது பலவீனமா இருந்தா ஓவர்ஷூட் ஆகும். சாப்பாட்டை நோக்கிப் போகும்போது நடுக்கம் கூடுறதும், தூங்கும்போது நிக்கிறதும் அதனாலதான். முக்கியமான விஷயம், இது நாளாக நாளாக மோசமாகாது. வலிக்காது. அடுத்த பூனைக்கு ஒட்டாது. கவனிச்சுக்கிட்டா மத்த பூனை மாதிரியே முழு ஆயுசும் இருக்கும்.

இப்ப அது காலேஜ் பக்கத்துல ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா வீட்டுல இருக்கு. கீழ்த்தளம், மாடிப்படி கிடையாது. தரையில சணல் விரிப்பு போட்டோம், கால் வழுக்காது. கிண்ணம் கனமானது, கொஞ்சம் உயரத்துல இருக்கும். மணல் தட்டுக்கு உள்ள நுழையுற பக்கம் தாழ்வு, மத்த மூணு பக்கமும் உயரம், சாய்ஞ்சுக்கிட்டு நிக்கலாம். இவ்வளவுதான் 'ஸ்பெஷல்'.

எல்லாக் கேஸும் இவ்வளவு ஈஸி இல்ல

*பின்னங்கால் செயலிழந்த பூனை:* பலதுக்குத் தானா சிறுநீர் போகாது. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை வயித்தை அழுத்தி எடுக்கணும். டாக்டர் நேர்ல கையைப் பிடிச்சுக் கத்துத்தரணும், வீடியோ பார்த்து செய்யக்கூடாது. ஒரு நாள் விட்டாலும் கிட்னி வரைக்கும் பாதிக்கும்.

*எஃப்.ஐ.வி. உள்ள பூனை:* இந்த வைரஸை 1986-ல கலிஃபோர்னியாவுல கண்டுபிடிச்சாங்க. மனுஷங்களுக்கு வராது. பூனைக்குப் பூனை பெரும்பாலும் ஆழமான கடி மூலமாத்தான் பரவும். கருத்தடை செஞ்சு, வீட்டுக்குள்ளயே வச்சா பல வருஷம் நல்லா வாழும். எஃப்.இ.எல்.வி. வேற. அது எச்சில்ல, நக்குறதுல, ஒரே கிண்ணத்துலகூடப் பரவும். அதனால தனியா வைக்கணும்.

*சர்க்கரை நோய்:* பொதுவா 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை இன்சுலின். இங்க யூனிட்ல தப்பு நடந்தா உயிர் போகும். யு-40 இன்சுலின்ல ஒரு மில்லிக்கு 40 யூனிட், யு-100-ல 100 யூனிட். யு-40 சிரிஞ்சுல 2 யூனிட் கோடு வரைக்கும் யு-100 மருந்து எடுத்தா உள்ள போறது 5 யூனிட். ரெண்டரை மடங்கு! மெடிக்கல் ஷாப்ல ரெண்டு வகை சிரிஞ்சும் கிடைக்கும். மருந்து பாட்டில்ல இருக்கிற நம்பரும் சிரிஞ்சுல இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க.

ஹாஸ்டல்ல இருந்துக்கிட்டு நாம என்ன செய்யலாம்?

நம்மால பூனை வளர்க்க முடியாது. ஆனா வளர்க்கிறவங்களைத் தாங்கலாம். எங்க குழுவுல ஆறு பேர். வேலையை இப்படிப் பிரிச்சிருக்கோம்.

1. சாப்பாட்டுக் கணக்கு. ஓய்வுல இருக்கிற பூனைக்கு ஒரு நாள் தேவை 70 × (எடை)^0.75 கலோரி. 4 கிலோ பூனைக்கு இது ஏறக்குறைய 198. கருத்தடை செஞ்ச பெரிய பூனைக்கு இதை 1.2-ஆல பெருக்கினா சுமார் 240. உணவு 100 கிராமுக்கு 370 கலோரின்னா ஒரு நாளைக்கு 65 கிராம், மாசம் 2 கிலோ. ஆறு பேர் பிரிச்சா எவ்வளவுன்னு நீங்களே போட்டுக்கலாம். வைத்தியத்துக்குத் தனியா மாசாமாசம் கொஞ்சம் ஒதுக்கணும். டீச்சரம்மா ஒவ்வொரு பில்லுக்கும் நம்மகிட்ட கேட்டு நிக்கிற நிலைமை வரக்கூடாது.

2. லீவு. ஃபாஸ்டர் பண்றவங்களுக்கும் கல்யாணம், காய்ச்சல், ஊர்ப் பயணம் வரும். அதே வேலையைத் தெரிஞ்ச ரெண்டாவது ஆள் கண்டிப்பா வேணும். மாசத்துல ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் முழுசாப் பார்த்துக்கட்டும், பழகும்.

3. நோட்டு. எடை, சாப்பிட்ட அளவு, சிறுநீர், மருந்து நேரம், தடுப்பூசித் தேதி. பூனை நோயை மறைக்கும். எடை குறையுறதை கண்ணை விட நோட்டு சீக்கிரம் காட்டும்.

4. வண்டி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஒருத்தர். சென்னைப் பக்கம்னா வேப்பேரியில இருக்கிற, 1903-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியோட ஆஸ்பத்திரி இருக்கு. ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரலன்னா காலைல பார்க்கலாம்னு தள்ளிப்போடாதீங்க, அப்பவே கிளம்புங்க.

இதெல்லாம் வேண்டாம்

பாராசிட்டமால் கொடுக்காதீங்க. பூனையோட உடம்பால அதை உடைச்சு வெளியேத்த முடியாது, ஒரு மாத்திரையே கொல்லும். நாய்க்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் அப்படித்தான். மெஸ் தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்க்கவும் முடியாது. டாரின்னு ஒரு சத்து பூனைக்குத் தேவையான அளவு உடம்புல உருவாகாது, இறைச்சியிலயும் மீன்லயும் இருந்துதான் வரணும். அது இல்லன்னா நாளடைவுல கண் பார்வையும் இதயமும் பாதிக்கும். பூனை கடிச்சா, கீறினா சோப்புப் போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. பூனையாலயும் ரேபிஸ் வரும்.

மே மாசத்துக்கு அப்புறம்?

ஆறு பேர்ல மூணு பேர் ஃபைனல் இயர். மே மாசம் கிளம்பிடுவோம். சைன் வேவுக்கு இப்ப ரெண்டு வயசுதான். வீட்டுப் பூனை பதினஞ்சு வருஷம்கூட இருக்கும். டிகிரி நாலு வருஷம். அதாவது இன்னும் மூணு நாலு பேட்ச் மாறணும். பூனைக்கு வந்த வியாதியை விட, பேட்ச் மாறும்போது குழு கலைஞ்சு போறதுதான் பெரிய ஆபத்து. அப்புறம் மொத்தச் சுமையும் ஒரே ஒருத்தர் தலையில விழும்.

அதனால இப்பவே ஒரு ரெண்டு பக்கம் எழுதி வச்சிருக்கோம். பூனையோட பேரு, நோய், டாக்டர், மருந்து, யாரு எவ்வளவு கொடுக்கிறாங்க, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும். வேலைக்குப் போறவங்க பணம் அனுப்புறதைத் தொடரலாம், ஆனா பக்கத்துல நிக்க ஜூனியர்ஸ் வேணும். ஒரு பாரா எழுத எல்லாருக்கும் கஷ்டமா இருந்துச்சு: ஒரு நாள் பூனைக்கு வேதனை தாங்க முடியாமப் போனா யாரு முடிவு எடுக்கிறது? டாக்டர் சொல்றதைக் கேட்டு, தினமும் கூட இருக்கிற டீச்சரம்மாவோட வார்த்தைதான் முதல்ல, பணம் காரணமா இருக்கக்கூடாதுன்னு எழுதினோம்.

செகண்ட் இயர், தேர்ட் இயர் பசங்களே, மூணு இடம் காலியா இருக்கு. பூனை தூக்கத் தெரியணும்னு இல்ல. எக்செல் தெரிஞ்சா போதும், டூ வீலர் இருந்தா இன்னும் நல்லது. ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஹாஸ்டல் வாசல்ல இருந்து கிளம்புவோம், வந்து ஒரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.