குளிர்கால மலர்க் கிழங்குகள்: பூத்த பின் தொடங்கும் பணி

வட இந்தியச் சமவெளியில் தீபாவளிக்கு முன்னும் பின்னுமான சில வாரங்கள் மலர்க் கிழங்குகளை நடும் காலமாகும். தில்லி, சண்டிகர், லக்னோ போன்ற நகரங்களில் வீட்டுத் தோட்டம் வளர்ப்போர் கிளாடியோலஸ், நர்கிஸ், பிரீசியா, ரனங்குலஸ் முதலியவற்றின் கிழங்குகளை வாங்கி நடுகின்றனர். தை, மாசி மாதங்களில் அவை பூத்துக் குலுங்குகின்றன. பங்குனி வெயில் வந்ததும் வாடிய செடிகள் பிடுங்கி எறியப்படுகின்றன. அடுத்த ஆண்டு மீண்டும் புதிய கிழங்குகள் வாங்கப்படுகின்றன.

இச்செலவில் பெரும் பகுதி தவிர்க்கக்கூடியதே. பூ மலர்வதோடு பருவம் முடிந்துவிட்டதென்று எண்ணுவதே தவறு. கிழங்குச் செடியைப் பொறுத்தவரை, அடுத்த ஆண்டுக்கான பணி பூ உதிர்ந்த பின்னரே முழு வேகத்துடன் நடைபெறுகிறது.

கிழங்கின் இயல்பு

கிழங்கு என்று பொதுவாகக் கூறினாலும் இவை ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. நர்கிஸ், டியூலிப் ஆகியவை வெங்காயத்தைப் போல அடுக்கடுக்கான செதில்களில் உணவைச் சேமிக்கும் குமிழங்கள். கிளாடியோலஸ், பிரீசியா ஆகியவை சேனையைப் போன்று திரண்ட தண்டாகிய கந்தங்கள். ரனங்குலஸின் வேர்க்கிழங்கு, பறவையின் நகங்களைப் போல் கீழ்நோக்கிப் பிரிந்திருக்கும்.

உருவில் வேறுபட்டாலும் இவற்றின் வாழ்க்கை முறை ஒன்றே. ஏற்ற பருவத்தில் தழைத்துப் பூப்பதும், ஏலாத பருவத்தில் மண்ணுக்கடியில் உறங்குவதும் இவற்றின் இயல்பு. தமிழ்நாட்டில் மழையோடு துளிர்த்துக் கார்த்திகையில் பூத்து, கோடையில் மண்ணுக்குள் மறையும் செங்காந்தள் இதற்கு நன்கு அறிந்த சான்றாகும்.

பிரீசியாவின் தாயகம் தென்னாப்பிரிக்கா. கிளாடியோலஸ் இனங்களில் மிகப் பலவும் அங்கு தோன்றியவையே. ரனங்குலஸும் அனிமோனும் மத்தியதரைக் கடலின் கீழ்க்கரைப் பகுதிகளுக்கு உரியவை. மத்தியதரைக் கரையிலும் தென்னாப்பிரிக்காவின் தென்மேற்குப் பகுதியிலும் குளிர்காலத்தில் மழை பெய்யும், கோடை வறண்டிருக்கும். ஆகவே அங்கு தோன்றிய செடிகள் குளிரில் வளர்ந்து கோடையில் உறங்கப் பழகியுள்ளன. வட இந்தியக் குளிர்காலம் அவற்றுக்கு நன்கு பொருந்துகிறது. ஆனால் உறங்கும் காலத்தில் இங்கு பருவமழை பெய்கிறது. ஈர மண்ணில் உறங்கும் கிழங்கு அழுகுகிறது. அடுத்த ஆண்டுக்குக் கிழங்கு மிஞ்சாமைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தேர்வும் நடவும்

புதிதாகத் தொடங்குவோருக்குக் கிளாடியோலஸ் ஏற்றது. நம் நாட்டிலேயே உருவான வகைகள் பல உள்ளன. தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் அக்னிரேகா, மயூர், சுசித்ரா ஆகியவையும், பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் மீரா, நஜ்ரானா, பூனம், ஷோபா ஆகியவையும் அவற்றுள் சில.

செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து நவம்பர் வரை நடலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் நடாமல் 15 நாள் இடைவெளியில் பகுதி பகுதியாக நட்டால் நீண்ட காலம் பூக்கள் கிடைக்கும். நீர் தேங்காத இடமும் நல்ல வெயிலும் இன்றியமையாதவை. களிமண்ணாயின் மணலும் மக்கிய தொழு உரமும் கலக்க வேண்டும். கிளாடியோலஸ் கந்தத்தை 5 முதல் 8 செ.மீ. ஆழத்தில், 15 முதல் 20 செ.மீ. இடைவெளியில் ஊன்றலாம். ரனங்குலஸ் கிழங்கைச் சில மணி நேரம் நீரில் ஊறவைத்து, நகம் போன்ற பகுதி கீழ்நோக்கி இருக்குமாறு நட வேண்டும். முளை வரும் வரை நீரை அளவோடு விடுதல் நன்று.

நர்கிஸ் குமிழம் பார்வைக்கு வெங்காயம் போன்றே இருக்கும். ஆனால் நச்சுத்தன்மை உடையது. எனவே அதைச் சமையலறையிலிருந்து விலக்கி, பெயர் எழுதிய பையில் வைக்க வேண்டும்.

பூத்த பின் செய்ய வேண்டியவை

கிளாடியோலஸ் கந்தம் ஒரு பருவத்திற்குமேல் வாழ்வதில்லை. நட்ட கந்தம் தன் உணவைச் செடிக்கு அளித்துச் சுருங்கிவிடுகிறது. அதன் மேல் புதிய கந்தம் ஒன்று உருவாகிறது. தோண்டும்போது கிடைப்பது நட்ட கந்தமன்று. இலைகள் ஆக்கிய உணவால் பருத்த புதுக் கந்தமாகும். எனவே பூங்கதிரை அறுக்கும்போது செடியில் குறைந்தது 4 இலைகளையாவது விட்டுவைக்க வேண்டும். இலைகளோடு சேர்த்து அறுத்தால் மறு ஆண்டுக் கந்தம் சிறுத்துப் போகும்.

நர்கிஸுக்கும் இது பொருந்தும். வாடிய பூவைக் கிள்ளிவிட்டால் உணவு விதைக்குச் செல்லாது குமிழத்திற்குச் சேரும். பசுமையான இலைகளை அழகு கருதி வெட்டுவதும் முடிந்து கட்டுவதும் கூடாது. இலை தானாக மஞ்சளாகும் வரை, ஏறத்தாழ 6 வாரங்கள், நீர் விட்டு வர வேண்டும். அதன் பின்னர் நீரைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம்.

இலை காய்ந்ததும் கிழங்குகளைக் காயம்படாமல் தோண்டி, மண்ணை உதறி, நிழலில் 2 அல்லது 3 வாரங்கள் உலர்த்த வேண்டும். அழுகல் அறிகுறி உடையவற்றை அப்போதே அகற்றிவிட வேண்டும். கந்தத்தைச் சுற்றியுள்ள சிறு கந்தங்களைத் தனியே எடுத்து வைத்து நட்டால், 2 அல்லது 3 பருவங்களில் அவையும் பூக்கும் அளவை அடையும்.

உலர்ந்த கிழங்குகளை வலைப்பையிலிட்டுக் காற்றோட்டமுள்ள குளிர்ந்த இடத்தில் தொங்கவிடலாம். கிளாடியோலஸுக்கு 4 முதல் 5 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி மிகவும் ஏற்றது. சிறு அளவாயின் காகிதப் பையிலிட்டுக் குளிர்பதனப் பெட்டியின் காய்கறி அறையில் வைக்கலாம். ஆனால் பழங்களுடன் வைத்தல் தகாது. பழுக்கும் கனிகள் வெளியிடும் எத்திலீன் வாயு கிழங்கினுள் உள்ள மொட்டைக் கெடுக்கக்கூடும்.

டியூலிப் தரும் பாடம்

எல்லாக் கிழங்கையும் சமவெளியில் காத்து வைக்க முடியும் என்பதன்று. டியூலிப் பூத்தண்டு நீள்வதற்கு 12 வாரங்களுக்குமேல் கடுங்குளிர் தேவை. தில்லியில் அது பூப்பது முன்னரே குளிரூட்டப்பட்ட குமிழங்களால்தான். பூத்த சில வாரங்களில் வெப்பம் ஏறிவிடுவதால், குமிழம் மீண்டும் பருக்க இலைகளுக்குக் காலம் போதுவதில்லை. ஆகையால் தில்லியில் ஆண்டுதோறும் புதிய குமிழங்கள் தேவைப்படுகின்றன. 2008 இல் ஸ்ரீநகரில் தால் ஏரிக்கருகே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட டியூலிப் தோட்டமும் நெதர்லாந்துக் குமிழங்களைக் கொண்டு வளர்ந்ததே.

இத்தேவையை உள்நாட்டிலேயே நிறைவு செய்ய இயலுமா என்பது ஆராய்வதற்குரியது. உருளைக்கிழங்கு விவசாயத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. இமாசலப் பிரதேசத்தின் லாஹூல் பகுதி விதை உருளைக்கிழங்குக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. அதே லாஹூலில் டியூலிப் குமிழங்களைப் பெருக்கும் பணியில் பாலம்பூரிலுள்ள இமயமலை உயிரிவளத் தொழில்நுட்ப நிறுவனம் ஈடுபட்டுள்ளது. குளிர்ந்த, மழை குறைந்த கோடை குமிழம் பருப்பதற்கு உகந்தது. மலையில் குமிழமும் சமவெளியில் பூவும் என்று இப்பணி பகிர்ந்துகொள்ளப்படுமானால், மலை உழவர்க்குப் புதிய வருவாயும் நகரங்களுக்கு உள்நாட்டுக் குமிழமும் கிட்டும்.

வீட்டுத் தோட்டக்காரருக்கும் திட்டம் தீட்டுவோருக்கும் பாடம் ஒன்றே. காக்கக்கூடிய கிழங்கு எது, ஆண்டுதோறும் வாங்க வேண்டியது எது என்று முதலில் பிரித்தறிய வேண்டும். காக்கக்கூடியதற்குத் தேவைப்படுவது பெருஞ்செலவன்று. பூ உதிர்ந்த பின் ஆறு வார நீரும், இலையை வெட்டாத பொறுமையுமே.