பழைய கணினிக்குப் புதிய இயங்குதளம்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரந்தாவ், லாபு, பகாவ் ஆகிய ஊர்களைச் சுற்றி ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அத்தோட்டப்புறக் குடும்பங்களின் வீடுகளில், வரவேற்பறையின் ஒரு மூலையில் பழைய கணினி ஒன்றைக் காணலாம். அண்ணனோ அக்காளோ கல்லூரியில் பயின்றபோது வாங்கியதாக அது இருக்கும். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, அத்தகைய கணினியே தம்பி தங்கையருக்கு வகுப்பறையாகவும் இருந்தது. இன்றோ அது மெதுவாக இயங்குகிறது. இயங்குதளத்திற்கான ஆதரவு முடிந்துவிட்டது என்னும் அறிவிப்பும் திரையில் தோன்றுகிறது. அதை அப்படியே பயன்படுத்துவதா, புதுப்பிப்பதா, ஒதுக்கிவிடுவதா என்னும் கேள்வி குடும்பத்தினர் முன் நிற்கிறது.

இயங்குதளம் என்பது கணினியின் எல்லா வேலைகளையும் ஒழுங்குபடுத்தும் அடிப்படை மென்பொருளாகும். தோட்டத்தில் காலைப் பெரட்டின்போது யார் எந்த நிரைக்குச் செல்ல வேண்டும் என்று மண்டோர் பிரித்துக் கொடுப்பார். அதுபோலவே நினைவகம், வன்தட்டு, விசைப்பலகை, அச்சுப்பொறி ஆகியவற்றுக்கு இயங்குதளம் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது. விண்டோஸ், மெக்ஓஎஸ், லினக்ஸ் ஆகியவை கணினிகளில் பரவலாகப் பயன்படும் இயங்குதளங்களாகும்.

இயங்குதளத்தைப் புதுப்பிப்பதன் முதன்மை நோக்கம் பாதுகாப்பாகும். எந்த மென்பொருளிலும் நாளடைவில் குறைகள் கண்டறியப்படும். அவற்றைச் சரிசெய்யும் திருத்தங்களை நிறுவனங்கள் இணையம்வழி அனுப்புகின்றன. 2015ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடித்துக்கொண்டது. தனித் திட்டத்தில் பதிவு செய்த வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்படும் என அறிவித்தது. ஆதரவு முடிந்த கணினி உடனே நின்றுவிடாது. ஆனால், அதன்பின் கண்டறியப்படும் குறைகள் அதில் அடைக்கப்படாமலேயே இருக்கும்.

இதனால் விளையும் தீங்கிற்கு 2017ஆம் ஆண்டு நிகழ்ந்த 'வான்னகிரை' தாக்குதல் சான்றாகும். விண்டோஸில் இருந்த ஒரு குறைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியிட்டது. மே மாதத்தில் அதே குறையைப் பயன்படுத்தி அந்த நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, அவற்றைத் திறக்கப் பணம் கேட்டது. பிரிட்டனில் பல மருத்துவமனைகள் நோயாளிகளின் சந்திப்புகளையும் அறுவைச் சிகிச்சைகளையும் தள்ளிவைக்க நேர்ந்தது. திருத்தத்தை நிறுவியிருந்த கணினிகளில் அக்குறை முன்பே அடைக்கப்பட்டிருந்தது. வீட்டுக் கணினியில் வங்கிக் கணக்கையும் ஊழியர் சேமநிதிக் கணக்கையும் பார்க்கும் குடும்பத்தினர் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

புதுப்பிக்க முடிவு செய்தவர்கள், தங்கள் கணினி அதற்கு ஏற்றதா என்பதை முதலில் அறிய வேண்டும். விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 கிகாபைட் நினைவகமும் 64 கிகாபைட் சேமிப்பிடமும் தேவை. 'டிபிஎம் 2.0' என்னும் பாதுகாப்புக் கூறும் இருக்க வேண்டும். இன்டெல் செயலியாயின், 2017ஆம் ஆண்டு வெளிவந்த எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ பொதுவாகத் தேவைப்படும். மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கும் 'பிசி ஹெல்த் செக்' என்னும் செயலி, கணினியின் தகுதியைச் சில நிமிடங்களில் காட்டிவிடும்.

தகுதியில்லாத கணினியை உடனே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு தொடங்கிய லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு பல இலவச இயங்குதளங்கள் உருவாகியுள்ளன. அவற்றுள் ஒன்றான லினக்ஸ் மின்ட், 4 கிகாபைட் நினைவகம் கொண்ட பழைய கணினியிலும் இயங்கும். கணினியில் நிறுவுவதற்கு முன், விரலியிலிருந்தே அதை இயக்கிப் பார்க்கலாம். தமிழ்99 விசைமுகத்தையும் அதில் அமைத்துக்கொள்ளலாம். ஆயினும், விண்டோஸுக்காக எழுதப்பட்ட சில மென்பொருள்கள் அதில் இயங்கா. வீட்டிலுள்ள அச்சுப்பொறி அதனோடு இணைகிறதா என்பதையும் முன்கூட்டியே சோதிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான வேலை ஒன்று உண்டு. அது, கணினியில் உள்ளவற்றைக் காப்பதாகும். இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும்போது வன்தட்டு அழிக்கப்படலாம். எனவே, எல்லாக் கோப்புகளையும் வெளி வன்தட்டிலோ விரலியிலோ நகலெடுக்க வேண்டும். நகலெடுத்தபின், அவற்றை வேறொரு கணினியில் திறந்து பார்க்கவும் வேண்டும். திறந்து பார்க்காத நகலை நம்புவது, பூட்டைச் சோதிக்காமல் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு ஒப்பாகும்.

தமிழ்க் குடும்பங்கள் இங்குக் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். முன்னாளில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென ஒரு குறியாக்கத்தைக் கொண்டிருந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களிலும் பிற குறிகளுக்கு உரிய இடங்களிலும் தமிழ் எழுத்து வடிவங்களை அமைத்திருந்தனர். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் கோப்பு தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். இக்குழப்பத்தைத் தீர்க்க முயற்சிகள் பல நடந்தன. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு பொதுவான குறியாக்கங்களையும் தமிழ்99 விசைமுகத்தையும் அறிவித்தது. பின்னர், ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் வழங்கும் ஒருங்குறி முறை பரவலானது. ஒருங்குறித் தமிழைக் காட்டும் திறனோடு விண்டோஸ் 2000 வெளிவந்தது. மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருளும் கணினித் தமிழின் வளர்ச்சிக்குப் பெரும்பங்கு ஆற்றியது. அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றது.

ஒரு கோப்பு ஒருங்குறியில் உள்ளதா என்பதை அறிய எளிய வழி உண்டு. அதிலுள்ள ஒரு வரியை நகலெடுத்துக் கைப்பேசிக்குச் செய்தியாக அனுப்பிப் பார்க்கலாம். தமிழாகத் தெரிந்தால் அது ஒருங்குறி. குறிகளாகத் தெரிந்தால், புதுப்பிப்பதற்கு முன்பே அக்கோப்பைக் குறியாக்க மாற்றி மென்பொருளைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். மாற்றியதை வரிக்கு வரி சரிபார்ப்பது நன்று. மூலக் கோப்பையும் அதற்குரிய எழுத்துருவையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பழைய தமிழ் மென்பொருள்களுள் சில புதிய இயங்குதளத்தில் இயங்காமல் போகலாம். ஆதலால், இவ்வேலையைப் பழைய இயங்குதளம் இருக்கும்போதே செய்து முடிப்பது பாதுகாப்பானது.

இத்தகைய கோப்புகளின் மதிப்பைப் பணத்தால் அளக்க இயலாது. தோட்டத்து மாரியம்மன் ஆலயத் திருவிழாவின் வரவு செலவுக் கணக்கு, தமிழ்ப்பள்ளியின் ஆண்டிதழுக்கு எழுதிய கட்டுரை, பால்மரம் சீவிய காலத்தைப் பற்றித் தாத்தா சொல்லச் சொல்லப் பேத்தி தட்டச்சு செய்த பக்கங்கள் ஆகியவை அவற்றுள் இருக்கக்கூடும். சிரம்பான், நீலாய் வட்டாரங்களில் பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்களும் பெரட்டுக் களங்களும் மறைந்தபின், அவ்வாழ்க்கைக்குச் சான்றாக இப்பக்கங்களே எஞ்சலாம்.

காப்பு நகல் ஆயத்தமானபின் புதுப்பிக்கும் பணியைத் தொடங்கலாம். இயங்குதளக் கோப்பு பல கிகாபைட் அளவு கொண்டது. கைப்பேசித் தரவைக் கொண்டு பதிவிறக்கினால் மாதத் தரவு விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே, நிலையான இணைய வசதி உள்ள இடத்தில் பதிவிறக்குவது நல்லது. நிறுவும்போது மின்சாரம் தடைபட்டால் இயங்குதளம் பழுதாகக்கூடும். பிற்பகல் இடிமழை வழக்கமாகப் பெய்யும் ஊர்களில் காலை வேளையைத் தேர்ந்தெடுக்கலாம். கணினி இனிப் பயன்படாது என்னும் நிலை வந்தால், அதிலுள்ள தகவல்களை முழுமையாக அழித்துவிட்டு, மின்கழிவு சேகரிக்கும் நிலையத்தில் அதனை ஒப்படைக்க வேண்டும்.

செம்பனை மரங்கள் ஏறத்தாழ 25 ஆண்டுகளில் விளைச்சல் குன்றி, குலையறுக்க எட்டாத உயரத்திற்கு வளர்ந்துவிடும். அப்போது அவற்றை அகற்றி அதே நிலத்தில் மறுநடவு செய்வர். பழைய கணினியில் புதிய இயங்குதளத்தை நிறுவுவதும் ஒருவகை மறுநடவுதான். ஆனால், தோட்டத்தில் மரம் சாயும் முன் குலைகளை அறுத்துச் சேர்த்துவிடுகிறார்கள். கணினியிலும் அந்த வேலையை முதலில் செய்ய வேண்டும்.