கல்லை எடுத்த கை



நாங்கள் நேரில் கண்ட ஒரு சம்பவத்தோடு இந்தப் பாடத்தை ஆரம்பிக்கிறோம். ஒரு டிவிஷனில் பின்னேர நிறுவை. ஓர் அம்மா பறித்த கொழுந்தில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோ கழித்து, அன்றைக்கு அவருக்கு அரைப்பேர் என்று எழுதிவிட்டார்கள். "தராசை இன்னொரு தரம் பாருங்க ஐயா" என்று அம்மா கேட்டார். கிடைத்தது ஏச்சுத்தான். பக்கத்தில் நின்ற எட்டாம் வகுப்பு மகன் குனிந்து ஒரு கல்லை எடுத்தான். அம்மா அவன் கையைப் பிடித்தார். "கீழே போடுடா. நாம கேக்கிறது நம்ம கிலோவை. கல்லை எறிஞ்சா நாளைக்குப் பேச்செல்லாம் கல்லைப் பத்தித்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் தலைவரைக் கூட்டிக்கொண்டு, கிலோ எழுதிய துண்டோடு ஆபீசுக்குப் போனார். மூன்று நாள் விடாமல் நடந்தார். பேர் திருத்தப்பட்டது. ஆனாலும் மகனுக்கு மனம் ஆறவில்லை. "அம்மா பயந்துட்டாங்களா சார்?" என்று எங்களிடம் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே தெல்லிப்பழையில் வளர்ந்தவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம். 1898இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்து, சிறு வயதிலேயே ஊருக்கு வந்தவர். மெலிந்த உடம்பு, மெதுவான குரல். ஆனாலும் சனங்கள் அவரைத் 'தந்தை செல்வா' என்றுதான் அழைத்தார்கள்.

1947 தேர்தலில் தோட்டத்து மக்கள் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் நம் தாத்தா பாட்டிமாரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. அப்போது காங்கேசன்துறை உறுப்பினராக இருந்த செல்வநாயகம், தனக்கு வாக்களிக்காத நம் மக்களுக்காக எதிர்த்துப் பேசினார். அரசாங்கத்தில் சேர்ந்திருந்த தன் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலத்தை விட்டுப் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அதே பொன்னம்பலத்தோடும் நமது சௌமியமூர்த்தி தொண்டமானோடும் 1972இல் தமிழர் கூட்டணியில் கூட்டுத் தலைவராக உட்கார்ந்தார். கொள்கையில் பிரிந்தவர் மனுசரை வெறுக்கவில்லை. அதனால் 23 வருடங்கள் கழித்தும் ஒன்றாக உட்கார முடிந்தது.

1961 பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. பொலிசார் இழுத்தார்கள், அடித்தார்கள். உட்கார்ந்தவர்கள் திருப்பி அடிக்கவில்லை, எழும்பவும் இல்லை. பெண்களும் பெருமளவில் கலந்துகொண்டார்கள். ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் வந்தது, ராணுவம் வந்தது, தலைவர்கள் தடுப்புக்காவலுக்குப் போனார்கள். கேட்டது கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே உட்கார்ந்தவர்களைக் கோழை என்று யாராவது சொல்ல முடியுமா?

செல்வநாயகம் 1977இல் காலமானார். 1983 கலவரத்துக்குப் பிறகு, பலர் ஆயுதத்தை நம்பிய காலத்தில், அவருடைய மகன் எஸ்.சி. சந்திரஹாசன் தமிழ்நாட்டில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை அமைத்து, அகதிகளின் படிப்புக்கும் பிழைப்புக்கும் வேலை செய்தார். அந்த முகாம்களில் மலையகக் குடும்பங்களும் உண்டு. தகப்பன் நடந்த பாதையின் தடம் மகனிடமும் தெரிகிறது அல்லவா?

ஆகவே பெற்றோர்களே, மூன்று விசயங்களை மனதில் வைப்போம்.

1. பிள்ளை நம் வாயைப் பார்ப்பதைவிடக் கையைத்தான் பார்க்கிறது. லயத்துக்குள் நாம் கை ஓங்கினால், நாளைக்கு அவன் தங்கச்சிமேல் ஓங்குவான்.

2. அடக்கம் வேறு, அடங்கிப் போவது வேறு. மரியாதையாகப் பேசுவோம், ஆனால் துண்டைப் பத்திரமாக வைப்போம், கேட்க வேண்டியதைக் கேட்டே தீருவோம்.

3. கோபத்தை அடக்கியது ஏன் என்று பிள்ளைக்கு எடுத்துச் சொல்வோம். சொல்லாவிட்டால் அதைப் பயம் என்றுதான் அது நினைக்கும்.

அந்தப் பையன் கடைசியில் எங்களிடம் ஒன்று கேட்டான்: "அடுத்த தரம் நானும் ஆபீசுக்குப் போகலாமா சார்?"

"தாராளமாப் போ. துண்டை நீயே வாசிச்சுக் காட்டு" என்றோம்.