மிதிவண்டிப் பயிற்சி: வாரத்திற்கு எவ்வளவு?

நசரத்பேட்டையிலிருந்து செம்பரம்பாக்கம் ஏரி வரை ஞாயிறுதோறும் மிதிவண்டியில் சென்று வருவது நல்ல பழக்கமே. ஆயினும், ஆறு நாள் அமர்ந்தே இருந்த உடல் ஏழாம் நாள் திடீரெனக் கடுமையாக உழைத்தால் இதயத்தின் சுமை கூடுகிறது.

மருந்தைப் போலவே பயிற்சிக்கும் அளவு உண்டு. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பு தேவை என உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் எனத் தொடங்கலாம். ஓட்டும்போது பேச இயல வேண்டும். பாட இயலக் கூடாது. அதுவே மிதமான வேகம். தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து நிமிடம் மெதுவாக மிதியுங்கள்.

மிதிவண்டியில் நம் எடையை இருக்கை தாங்குவதால் எலும்புகள் அவ்வளவாக வலுப்பெறுவதில்லை. ஆகவே வாரம் இரு நாள் தசை வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்வது நல்ல தொடக்கம்.

இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனை பெற்றே தொடங்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் புறப்படுமுன் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்து, குளுக்கோஸ் பொட்டலத்தை உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் ஆகியவை தோன்றினால், வாயுத் தொல்லை என்றெண்ணி வீடு வரை ஓட்டி வராதீர்கள். அங்கேயே இறங்கி அமர்ந்து 108ஐ அழையுங்கள். உடன் வருவோரும் குடும்பத்தினரும் இவ்வறிகுறிகளை அறிந்திருப்பது உயிர் காக்கும்.