காய்ப்பு வேறு, வெடிப்பு வேறு

மதுரை,
ஆடி மாதம்.

அன்புள்ள மீனாவுக்கு,

பெரியம்மா எழுதுவது.  

சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட ஆரம்பித்ததிலிருந்து உன் விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது என்று உன் அம்மா போனில் சொன்னாள். சோறு பிசையும்போது எரிகிறதாம். கேட்டால், “தொழில்னா அப்படித்தான், கை பழகிடும்” என்கிறாயாம். போனில் பேசினால் நீ ‘சரி பெரியம்மா’ என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கை பழகும் என்பது பாதி உண்மை. நூலைச் சுற்றி இழுக்கிற விரலின் பக்கவாட்டில் தோல் தடித்துக் காய்ப்பு விழும். அந்தக் காய்ப்பு நல்லது. நூல் அறுக்காமல் காப்பாற்றும். வெடிப்பு அந்த வகை கிடையாது. தடித்த தோலில் ஈரம் வற்றினால் அது வளையாது. விரலை மடக்கும் ஒவ்வொரு முறையும் பிளக்கும். எத்தனை வருஷம் செய்தாலும் வெடிப்பு பழகாது, ஆழமாகிக்கொண்டுதான் போகும். காய்ப்பை வைத்துக்கொள், வெடிப்பை விடாதே. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான வழி.

முதலில் காரணத்தைத் தெரிந்துகொள். நம் உடம்பில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. முகத்தில் வடிகிற எண்ணெய் விரல் நுனிக்கு வராது. அங்கே இருப்பது வியர்வை மட்டும்தான். பருத்தியோ ஈரத்தை இழுக்கிற சாதி. சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் ஏழெட்டு சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். காலையிலிருந்து அந்தத் துணியைக் கிள்ளி, நூல் சுற்றி, இறுக்கிக்கொண்டே இருந்தால், விரலில் இருக்கும் கொஞ்ச ஈரமும் துணிக்குப் போய்விடும். உராய்வு மேல்தோலைத் தேய்த்துவிடும். பிட்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கிறவர்களுக்கும் இதே தொல்லைதான். உனக்குச் சாயம் ஏறிக் காய்ந்த சேலையில் முடிச்சை இழுத்துப் பிரிக்கிற வேலையும் சேர்ந்துகொள்கிறது. நகத்தின் ஓரம் கிழிவது பெரும்பாலும் அப்போதுதான்.

இதற்கு மேல் நம் ஊர்க் காற்று. ஆடிக் காற்று மழையை மேற்கு மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, வெறும் கையோடு நம் பக்கம் வருகிறது. உதடு வெடிக்கிற மாதம் விரலும் வெடிக்கும். பிறகு போர்த் தண்ணீர். உப்பு மிகுந்த தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்க வேண்டும் என்று நாம் இன்னும் தேய்ப்போம். அலசினாலும் போகாத ஒரு படலம் தோலில் தங்கி அரிக்கும். கை கழுவ மட்டுமாவது குடிதண்ணீர்க் குழாயில் ஒரு வாளி பிடித்து வை. வெந்நீர் வேண்டாம். பாத்திரம் தேய்க்கிற, துணி துவைக்கிற சோப்புத்தூளில் வெறுங்கையை விடாதே. ரப்பர் கையுறை போட்டுக்கொள். உள்ளே வியர்த்தால் மெல்லிய பருத்திக் கையுறையை அடியில் போடு.

இனி மருந்து. ராத்திரி படுக்கப் போகுமுன் கையை நனைத்து, துடைத்தும் துடைக்காமலும் இருக்கும்போதே வாசலைன் தடவு. வாசலைன் தானாக ஈரம் தராது. இருக்கிற ஈரம் வெளியே போகாமல் மூடி வைக்கும், அவ்வளவுதான். காய்ந்த விரலில் தடவினால் பாதிப் பலன்தான். மேலே பழைய காட்டன் சாக்ஸை மாட்டிக்கொண்டு தூங்கு. தேங்காய் எண்ணெயும் உதவும். ஆனால் சீக்கிரம் வழிந்துவிடும், தலையணையும் கெடும். தோல் கட்டையாகத் தடித்திருந்தால் மருந்துக்கடையில் யூரியா கலந்த களிம்பு கேள். திறந்த வெடிப்பில் அது எரியும். புண் மூடிய பிறகு போடு.

பகலில் பிசுக்கு எதுவும் ஆகாது. வெள்ளைத் துணியில் எண்ணெய் பட்ட இடத்தில் சாயம் சரியாக ஏறாது; பழி உன் மேல் விழும். காலையில் கையைக் கழுவித் துடைத்து, ஒரு துண்டுத் துணியில் பத்து விரலையும் அழுத்திப் பார். கறை இல்லையென்றால் உட்கார். வெடித்த விரலுக்குக் காயத்துக்கு ஒட்டுகிற பேப்பர் டேப்பை ஒரு சுற்றுச் சுற்று. பிளவின் இரண்டு பக்கமும் விலகாமல் இருந்தால்தான் உள்ளே சதை கூடும். பிடிப்புக்காக விரலை நாக்கில் தொட்டு நனைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடு. எச்சில் காயும்போது தோலின் ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போகும். தபால் ஆபீசில் ஸ்டாம்ப் ஒட்ட வைத்திருப்பார்களே, அந்த மாதிரி நனைந்த ஸ்பாஞ்ச் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள். வாங்கி வந்த துணியில் பிளீச்சிங் வாடை அடித்தால், சேலை தருகிறவரிடம் சொல்லி வெறும் தண்ணீரில் ஒரு முறை அலசிக் காயவைத்த பிறகு தொடு.

செய்யக் கூடாதவையும் உண்டு. வெடிப்பில் எலுமிச்சை தேய்க்காதே. உடனே ஒட்டும் பசையை ஊற்றிப் பிளவை மூடுகிறவர்கள் இருக்கிறார்கள், நீ செய்யாதே. அந்தப் பசை பருத்தியில் பட்டால் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். உன் மடி நிறையப் பருத்தி நூல். மருதாணி அரைத்து வைக்கலாம். கறுப்பாகச் சிவக்கும் என்று விற்கிற கோனை மட்டும் தொடாதே. அதில் தலைமுடிச் சாயத்து ரசாயனம் கலந்திருக்கலாம். சிலருக்குக் கொப்புளம் கிளம்பும்.

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் மூடவில்லையென்றால், சீழ் வைத்தால், அரிப்பு புறங்கைக்கு ஏறினால், ஒரு கையில் மட்டும் செதில் உதிர்ந்தால் பெரியாஸ்பத்திரிக்கு வா, தோல் பிரிவில் காட்டலாம். நான் கூட வருகிறேன். சாய ஒவ்வாமையா, படையா, வேறு நோயா என்று அவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வெடிப்பு இருந்தும் வலியே தெரியவில்லை, விரல் மரத்திருக்கிறது என்றால் ஒரு நாள்கூடக் காத்திராதே. சர்க்கரை வியாதியிலும் தொழுநோயிலும் அப்படி மரக்கும். இரண்டுக்கும் மருந்து உண்டு. நாள் கடத்துவதுதான் ஆபத்து.

கடைசியாகக் கூலி விஷயம். சேலைக்கு இவ்வளவு என்று கணக்கு இருப்பதால்தான் நீ டேப் சுற்றக்கூட நிற்க மாட்டேன் என்கிறாய். எனக்குப் புரிகிறது. ஆனால் வலிக்கிற விரல் முடிச்சைத் தளர்வாகத்தான் கட்டும். தளர்ந்த முடிச்சுக்குள் சாயம் புகுந்தால் வெள்ளைப் புள்ளி மங்கும். சேலை திரும்பி வரும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிறுத்தி விரலை நீட்டி மடக்குவதில் நஷ்டம் எதுவும் இல்லை. முடிச்சுப் போடுவதையும் பிரிப்பதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதே.

நாயக்கர் காலத்தில் இங்கே வந்து குடியேறிய சௌராஷ்டிர மக்கள் வீட்டுத் திண்ணைகளில் வளர்த்த வேலை இது. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் கடையில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி இன்றைக்கு அச்சும் மெழுகும்தான். கையால் முடிச்சுப் போடத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதனால் சேலை கொண்டுவருகிறவருக்கு உன் விரல் வேண்டும், மீனா. இந்த வாரம் ஒரு சேலை குறைத்துத் தாருங்கள் என்று தயங்காமல் கேள். அவர் முகம் சுளித்தாலும் அடுத்த வாரம் உன் வீட்டுக்குத்தான் வருவார்.

வாசலைனும் பேப்பர் டேப்பும் இன்றைக்கே வாங்கு. காசு நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா